அறுந்த கம்பியின் இடம்

நள்ளிரவு பன்னிரண்டுக்கு அலைவரிசை கைமாறுகிறது.
நாளையிலிருந்து பந்தய வாயாடிகள் பேசுவார்கள்,
எந்தக் குதிரை, எந்த அணி, எத்தனை டாலர் என்று.
ஆக்ரன் நகரின் கடைசி ராக் நிலையத்தை
அணைக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான்.
லூஷியஸ் பெட்டவே, டிரான்ஸ்மிட்டர் என்ஜினியர்,
முப்பத்தொரு வருடம், நிலவறையில்.

மேலே ஸ்டூடியோவில் எழவு களைகட்டியிருக்கிறது.
ஹால்வர்சன் கறுப்புச் சட்டையில் வந்திருக்கிறார்.
போன் செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்:
ராக் செத்துவிட்டது.
நரைத்த குரல்கள்.
நடுநடுவே விளம்பரம், முட்டிவலித் தைலம்,
காது கேட்கும் கருவி.
டயர் ஆலைகள் மூடியபோதுகூட
இந்த ஊர் இவ்வளவு அழவில்லை.

சவத்துக்கு இத்தனை சொந்தக்காரர்கள்.
பிரசவத்துக்கு யார் வந்தீர்கள்?

பைன் பிளஃப், அர்க்கன்சா, ஐம்பத்திரண்டு.
நான் பிறக்கவில்லை, இது அம்மா சொன்னது.
அம்மா கூட்டிச் சொல்வாள், ஆனால்
கிழமையை மாற்றிச் சொல்லமாட்டாள்.
அவள் தங்கை ஓசெல்லா
பகலெல்லாம் ஓட்டல் லாண்டரியில் படுக்கை விரிப்பு தேய்ப்பாள்.
புதன் இரவு தகரக்கூரைத் தேவாலயத்தில்
மின்சாரக் கிட்டார்.
சுருதி பார்க்கப் பியானோ கிடையாது.
வாசல் கம்பத்து டிரான்ஸ்ஃபார்மர் முனகும்,
அதற்கே சுருதி சேர்ப்பாள்.
ஆம்ப்ளிஃபயரில் மழை இறங்கியிருந்தது,
ஒலி கிழிந்தே வரும்.
கிழிசலோடுதான் தேவன் கேட்டார்.

பின்ஜன்னலுக்கு வெளியே
மூன்று புதன்கிழமை, நான்கு வெள்ளைப் பையன்கள்
நோட்டில் குறித்தார்கள்.
மூன்றாம் புதன் அவள் கம்பி ஒன்று அறுந்தது.
மாற்றுக் கம்பிக்குக் காசில்லை.
அந்தச் சுரம் வரும் இடமெல்லாம்
வெறுமனே விட்டுவிட்டு
குதிகாலால் தரையில் ஒரு தட்டு, தாண்டிவிடுவாள்.

அடுத்த கோடையில் ஜூக்பாக்ஸில் அது வந்தது.
பெயர் அவர்களுடையது. படம் அவர்களுடையது,
பல்லெல்லாம் தெரிய.
ஆனால் அந்தச் சுரம் வரவேண்டிய இடத்தில்
ஒரு பள்ளம். ஒரு தட்டு.
ஈயடிச்சான் காப்பி.
இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைக்காமல்
ஓசெல்லா கேட்டாளாம்:
"ஏன், அவங்க கிட்டார்ல எல்லாக் கம்பியும் இருந்திருக்குமே?"

அவ்வளவுதான். வழக்கில்லை, வக்கீலில்லை.
எழுபத்தொன்றில் சிறுநீரகம் கெட்டுச் செத்தாள்.

அந்தப் பள்ளத்தை அப்புறம்
கடல் தாண்டியும் வாசித்தார்கள்,
மயிர் வளர்த்து, தோல்சட்டை போட்டு,
மேடையில் தீ மூட்டி.
பாணி என்றார்கள்.
பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்,
கம்பி வாங்கக் காசில்லாத ஒரு புதன்கிழமையை.

பெற்றவள் ஒருத்தி, பெயர் வைத்தவன் ஒருத்தன்.
பிள்ளைக்குத்தான் அவள் முகம் நினைவில்லை.
கறுப்புப் பையன் ஒருவன்
தன் பாட்டைக் கேசட்டில் பதிந்து இதே நிலையத்துக்கு வந்தபோது
தப்பான இடம் தம்பி, என்றார்கள்,
உங்கள் இசைக்கு எதிர்த்தெருவில் வேறு நிலையம் இருக்கிறது.
கீழே ஒயர் இழுக்கும் வேலை காலி, வருகிறாயா?
வந்தேன்.

கடைசிப் பாட்டு.
யார் தேர்ந்தெடுத்தார்களோ.
முடிகிற இடத்தில், சத்தியமாக, அந்தப் பள்ளம்.
என் குதிகால் தானாகத் தட்டியது.
கண் கலங்கியது எனக்கு.
அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுவிட்சை இறக்கினேன்.
பந்தயக்காரர்கள் வர ஏழு நொடி தாமதம்.
மேலே யாரோ விசும்பினார்கள்.
கீழே டிரான்ஸ்ஃபார்மர்,
அதற்கு எதுவும் ஆகவில்லை,
முனகிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பும் வழியில் சிவப்பு விளக்கு.
பக்கத்தில் வந்து நின்றது ஒரு நசுங்கிய கார்.
ஓட்டுகிறவளுக்குப் பத்தொன்பது இருக்கும்.
என்ன இசையோ, எனக்குப் பெயர் தெரியாது.
பேஸ் தாங்காமல் அவள் நம்பர் பிளேட்
கிழிந்த குரலில் நடுங்கியது.
அதில் ஒரு திருகாணி இல்லை.

பச்சை விழுந்தது.
நான் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்,
பின்னால் எவனோ ஹாரன் அடிக்கும்வரை.